கடலில் சிவப்பு ஒளி தங்காது என்றால், இந்த மீனுக்குக் கன்னத்தில் எதற்குச் சிவப்பு விளக்கு?

தூரிகை (கேள்வி)

எல்லோருக்கும் வணக்கம். சிறுவர்களுக்கான அறிவியல் நூல்களுக்குப் படம் வரைவது என் தொழில். பதினோரு வருடமாக இதுதான் செய்கிறேன். பூச்சி, பறவை, விதை, எலும்பு என்று இதுவரை வரைந்தவை எல்லாம் வெயிலில் வைத்துப் பார்க்கக்கூடியவை. இப்போதுதான் முதன்முறையாக இருட்டில் வாழும் ஒன்றை வரைகிறேன். நான்கு நாளாக ஒரே பக்கத்தில் மாட்டிக்கொண்டிருக்கிறேன்.

மீனின் பெயர் மலகோஸ்டியஸ் நைகர். ஆங்கிலத்தில் ஸ்டாப்லைட் லூஸ்ஜா என்கிறார்கள். கண்ணுக்குக் கீழே சிவப்பு ஒளி தரும் உறுப்பு ஒன்று, கண்ணுக்குப் பின்னால் நீலப்பச்சை ஒளி தரும் உறுப்பு ஒன்று. சாலைச் சந்திப்பில் நிற்கும் விளக்குக் கம்பம் ஞாபகத்துக்கு வருவதால் அந்தப் பெயர். பெரிய மீன் இல்லை, ஒரு அடிக்கோலுக்குள் அடங்கிவிடும்.

இரண்டு பக்கமும் விரிந்த படம் இது. முழுக் கறுப்புப் பின்னணி. இடது ஓரத்தில் மீன். அதன் கன்னத்திலிருந்து டார்ச் அடித்த மாதிரி ஒரு சிவப்புக் கற்றை வலது பக்கக் கடைசி வரை போகிறது. கற்றை முடியும் இடத்தில் ஒரு வெள்ளி நிறக் குட்டி மீன். எனக்கு மிகவும் பிடித்த படமாக வந்திருந்தது. சரிபார்க்கிறவர் ஓரத்தில் பென்சிலால் இப்படி எழுதி அனுப்பிவிட்டார்: "கடல்நீர் சிவப்பை முதலில் விழுங்கிவிடும். 500 மீட்டருக்குக் கீழே சிவப்பு என்று ஒன்றும் இல்லை. விளக்கை நீலமாக்கவும்."

அவர் சொல்வது பள்ளிக்கூடத்திலேயே படித்ததுதான். அதே சமயம் இந்த மீனைப் பற்றி எங்கே தேடினாலும் சிவப்பு விளக்கு என்றுதான் இருக்கிறது. இரண்டும் உண்மை என்றால், போகவே முடியாத ஒளியை ஒரு மீன் ஏன் சுமந்து திரிய வேண்டும்?

இன்னும் இரண்டு சந்தேகம். எனக்குக் கிடைத்த படங்களெல்லாம் கண்ணாடிக் குடுவையில் பதப்படுத்திய மீன்கள். எல்லாமே பழுப்பேறிப் போனவை. உயிரோடு இருக்கும்போது அந்த விளக்கும் கண்ணும் என்ன நிறம்? அப்புறம், இவ்வளவு பெரிய வாய்க்கு நான் வைத்த குட்டி மீன் பொருத்தமான இரைதானா?

ஒரு குழந்தை இந்தப் பக்கத்தைத் திரும்பத் திரும்பப் பார்க்கும். அதன் மனதில் கடலடி என்பது நான் வரைந்த மாதிரிதான் பதியப்போகிறது. அதனால்தான் கேட்கிறேன்.

அலைவாய்

நல்ல கேள்வி. தூண்டில் மீனுக்குத் தலையில் விளக்கு இருப்பது போல இதுவும் இரையைக் கவர்ந்து இழுப்பதற்காக இருக்கும் என்று நினைக்கிறேன். நிறம் பற்றி உறுதியில்லை என்றால் நீலமாகவே வரைந்துவிடுங்கள். ஆழ்கடல் உயிர்களில் பெரும்பாலானவை நீல ஒளிதான் விடுகின்றன, யாரும் தவறு சொல்ல முடியாது.

இழுவலை

நீலமாக்காதீர்கள் தூரிகை. தயவுசெய்து வேண்டாம். அந்த மீனிடம் இருக்கும் ஆகப் பெரிய விஷயமே அந்தச் சிவப்புதான், அதைத் துடைத்துவிட்டால் மிஞ்சுவது இன்னொரு கறுப்பு மீன்.

நான் ஆய்வுக் கப்பல்களில் ஆறு பருவம் வேலை செய்தவன். இழுவலை மேலே வந்ததும் தட்டுகளில் கொட்டி இனம் பிரித்து, அளந்து, சீட்டு எழுதிக் குடுவையில் போடுவது என் பொறுப்பு. பிறகு கரையில் உட்கார்ந்து வயிறு பிரித்துப் பார்க்கும் வேலையும் கொஞ்ச காலம் செய்தேன். மலகோஸ்டியஸ் என் கைக்கு வந்தது சில தடவைதான். ஒவ்வொன்றும் நினைவிருக்கிறது.

தட்டில் அது நனைந்த கறுப்புத் துணி போலக் கிடக்கும். செதில் கிடையாது. எலும்பு அவ்வளவு மென்மை, தூக்கினால் உடம்பு விரலின் இரண்டு பக்கமும் வழியும். கிரேக்கத்தில் அந்தப் பெயருக்கே மென்னெலும்பு என்றுதான் பொருள். முதல் மீனைத் தூக்கும்போது கீழ்த்தாடைக்கு அடியில் என் விரல் நுழைந்து வாய்க்குள் வந்துவிட்டது. வலையில் சிக்கித் தோல் கிழிந்துவிட்டது, மாதிரியைக் கெடுத்துவிட்டோம் என்று பதறிப்போனேன். எதுவும் கிழியவில்லை. அங்கே தோலே கிடையாது. இந்த மீனின் வாய்க்கு அடித்தளம் இல்லை. கீழ்த்தாடையின் இரண்டு எலும்புகளுக்கு நடுவே வெறும் வெளிதான். செவுள் கூட்டிலிருந்து தாடையின் நுனி வரை ஒரே ஒரு மெல்லிய தசை நாண் ஓடுகிறது, அவ்வளவுதான். வாயைத் திறந்த நிலையில் வரைகிறீர்கள் என்றால் இதை விட்டுவிடாதீர்கள். தாடைக்கு அடியில் பின்னணிக் கறுப்பு தெரிய வேண்டும், குறுக்கே அந்த ஒற்றை நாண் போக வேண்டும்.

இது எதற்கு என்றால், வேகத்துக்கு. தண்ணீருக்குள் வாளியை வீசிப் பாருங்கள், கை பின்னுக்கு இழுக்கும். வெறும் வளையத்தை வீசினால் சர்ரென்று போகும். மீனின் உடல் நீளத்தில் ஏறக்குறைய கால்பங்கு இருக்கும் அந்தத் தாடையைப் படக்கென்று மூட வேண்டும் என்றால் அடித்தளம் இல்லாமல் இருப்பதுதான் வசதி. மீன் ஆய்வாளர் கிறிஸ்டோபர் கெனாலி 2012இல் இந்தக் குடும்ப மீன்களின் தாடைகளைக் கணக்குப் போட்டுக் காட்டியதும் இதைத்தான்.

இப்போது உங்கள் முதல் கேள்விக்கு வருகிறேன். உங்கள் சரிபார்ப்பவர் சொன்னது சரி. நீங்கள் வரைந்த நிறமும் சரி. தவறு கற்றையின் நீளத்தில் இருக்கிறது.

கடல்நீர் சிவப்பை விழுங்குகிறது என்பதைக் கொஞ்சம் எண்ணாகப் பார்த்தால் புரிந்துவிடும். இந்த மீனின் விளக்கு உச்சமாக ஒளிர்வது 705 நானோமீட்டர் அலைநீளத்தின் அருகில், நம் கண்ணுக்குத் தெரியும் எல்லையின் கடைசி விளிம்பில். எடித் விட்டர் குழுவினர் 1984இல் அளந்தது அது. அந்த நிறம் ஒரு மீட்டர் தண்ணீரைக் கடக்கும்போது கிட்டத்தட்டப் பாதியாகிவிடும். தெளிந்த நீரில் நீலமோ அதே ஒரு மீட்டரில் நூற்றுக்கு ஒன்றிரண்டு பங்குதான் குறையும். ஒளி இரை வரை போனால் போதாது, பட்டுத் திரும்பி மீனின் கண்ணுக்கும் வர வேண்டும். இரை மூன்று மீட்டர் தள்ளி இருந்தால் மொத்தம் ஆறு மீட்டர். ஆறு தடவை பாதி பாதியாக்கிப் பாருங்கள், 64இல் ஒரு பங்குதான் மிச்சம். ஒளி விரிந்து பரவுவதால் ஏற்படும் இழப்பை இதில் சேர்க்கவே இல்லை. ஆக, அந்த விளக்கால் மிக அருகில் இருப்பதை மட்டுமே பார்க்க முடியும். பக்கத்தின் கோடி வரை போகும் கற்றை அதனிடம் கிடையாது.

மேலே இருந்து வரும் வெயிலின் சிவப்பு முதல் சில பத்து மீட்டர்களிலேயே தீர்ந்துபோகும் என்பது வேறு விஷயம். அங்கே போய்ச் சேராத நிறத்தை இந்த மீன் அங்கேயே தயாரிக்கிறது. "இல்லை" என்று சரிபார்ப்பவர் எழுதியதில் அந்த ஒரு விதிவிலக்குதான் விடுபட்டது.

எதற்கு இந்தப் பாடு? இழுவலைத் தட்டைப் பார்த்தால் தெரியும். விளக்கு வெளிச்சத்தில் கொட்டும்போது ஆழத்து இறால்கள் செக்கச் செவேலென்று கிடக்கும். பார்க்கிறவர்கள் எல்லாம் "இவ்வளவு பளிச்சென்றா ஒளிந்துகொள்ளும்?" என்று கேட்பார்கள். அவற்றின் ஊரில் இருப்பது நீல ஒளி மட்டும். சிவப்பு உடம்பு நீலத்தை உறிஞ்சிவிடும், திருப்பி அனுப்ப ஒன்றும் இருக்காது. எனவே அங்கே சிவப்பு என்பது கறுப்பு. அதுதான் அவற்றின் மறைவிடம். மலகோஸ்டியஸ் தன் விளக்கைப் போட்டதும் அந்த மறைவிடம் போய்விடுகிறது. அந்த இறாலுக்கோ பக்கத்தில் விளக்கு எரிவதே தெரியாது, அதன் கண் சிவப்பை உணராது.

அலைவாய், இதனால்தான் கவர்ந்திழுக்கும் விளக்கு என்பது பொருந்தவில்லை. இரையின் கண்ணுக்கே தெரியாத ஒன்று அதை எப்படி அழைக்கும்? இந்தக் குடும்பத்தின் மற்ற மீன்கள் பலவற்றுக்கு மோவாயில் ஒளிரும் இழை தொங்கும், அது தூண்டில் என்று சொல்லலாம். மலகோஸ்டியஸுக்கு அந்த இழையும் இல்லை.

இரை பற்றி நீங்கள் கேட்டது எனக்கு ரொம்பப் பிடித்த இடம். முதல் வயிற்றைத் திறந்தபோது நானும் உங்களைப் போலப் பெரிய மீனைத்தான் எதிர்பார்த்தேன். உள்ளே இருந்தவை கோப்பிபாட்கள். அரிசிமணி அளவுள்ள, துடுப்பு போன்ற கால்கள் கொண்ட மிதவை உயிரிகள். நுண்ணோக்கியை விட்டு எழுந்து மாதிரிச் சீட்டை எடுத்து இரண்டு முறை சரிபார்த்தேன், வேறு மீனின் வயிறோ என்று. ட்ரேசி சட்டன் 2005இல் வெளியிட்ட ஆய்வை அதற்குப் பிறகுதான் படித்தேன். நிறைய வயிறுகளைப் பார்த்து அவரும் அதையே கண்டிருக்கிறார். பெரிய கோப்பிபாட்களே பிரதான உணவு. வாய்க்கு அடித்தளம் இல்லாததால் உறிஞ்சிக் குடிக்க முடியாது, சிறியதை வடிகட்டும் செவுள் முட்களும் இதற்கு இல்லை. ஒவ்வொன்றாகப் பார்த்துத்தான் கவ்வ வேண்டும். எப்போதாவது பெரிய இரை அகப்பட்டால் அந்த வாய் அதையும் விடாது.

அதனால் உங்கள் வெள்ளிக் குட்டி மீனை எடுத்துவிட்டு ஒரே ஒரு கோப்பிபாட் வையுங்கள். மூக்குக்கு முன்னால், எட்டினால் தொடும் தூரத்தில்.

கண்ணின் நிறம் பற்றி என்னைவிட நன்றாகச் சொல்லக்கூடியவர் இங்கே ஒருவர் இருக்கிறார். கோல்செல், வாருங்கள்.

கோல்செல்

கூப்பிட்டதற்கு நன்றி இழுவலை அண்ணா. மீன்களின் விழித்திரையில் பல வருடம் வேலை பார்த்தேன், இந்த மீனின் கண் என்றால் எனக்குத் தனிப் பிரியம்.

தூரிகை, முதலில் நிறங்கள். கண்ணின் வில்லை மஞ்சள். தேன் துளி மாதிரி. அது நீலத்தைக் கொஞ்சம் தடுத்து, நீண்ட அலைகளுக்கு, அதாவது சிவப்புப் பக்கத்து ஒளிக்கு, வழிவிடுகிறது. விழித்திரைக்குப் பின்னால் ஒளியைத் திருப்பியடிக்கும் படலம் ஒன்று உண்டு, பூனைக் கண் இரவில் மின்னுமே, அந்த வகை. மலகோஸ்டியஸுக்கு அது சிவப்பு. விழித்திரையில் பிடிபடாமல் கடந்துபோன சிவப்பு ஒளி அதில் பட்டுத் திரும்ப வருவதால், செல்களுக்கு இரண்டாவது வாய்ப்பு கிடைக்கிறது. ஆகவே கண்பாப்பாவின் ஆழத்தில் ஒரு துளி சிவப்பு வைத்தால் அது அலங்காரம் ஆகாது, உள்ளதுதான்.

கண்ணுக்குக் கீழே உள்ள உறுப்பு கண்ணீர்த் துளி வடிவில் இருக்கும். அணைந்திருக்கும்போது கருஞ்சிவப்பும் பழுப்பும் கலந்த நிறம். அந்தப் பழுப்புக்கும் ஒரு வேலை உண்டு. உள்ளே பிறக்கும் ஒளியைச் சிவப்பாக மாற்ற ஒளிரும் புரதம் ஒன்று இருக்கிறது. அப்படி வரும் சிவப்பை அந்தப் பழுப்பு வடிகட்டி இன்னும் வடித்து, 705 பக்கம் தள்ளுகிறது. மற்ற மீன்கள் தப்பித்தவறிக்கூடப் பார்க்கக்கூடிய பகுதியை வெட்டியெறிந்துவிடுகிறது. இதனால் கணிசமான ஒளி வீணாகிறது. அந்த விலையைக் கொடுத்தாவது ரகசியத்தைக் காப்பாற்றிக்கொள்கிறது.

இனி நான் சொல்ல வந்த விஷயம். ஆழ்கடல் மீன்களில் பெரும்பாலானவற்றின் பார்வை நிறமி, அதாவது விழித்திரையில் ஒளியை உணரும் பொருள், 470 முதல் 490 நானோமீட்டர் வரை, அதாவது நீலத்துக்கு, ஒத்திசைந்தது. சிவப்பு விளக்கு வைத்திருக்கும் இன்னும் இரண்டு பேரினங்கள் உண்டு, அரிஸ்டோஸ்டோமியஸ், பக்கிஸ்டோமியஸ். அவை தம் பார்வை நிறமிகளையே நீண்ட அலை பக்கம் நகர்த்திக்கொண்டன. மலகோஸ்டியஸ் அவ்வளவு தூரம் நகரவில்லை. அதன் நிறமிகள் 520, 540 சுற்றி நிற்கின்றன. அதை வைத்துக்கொண்டு 705ஐப் பார்ப்பது பெரும்பாடு. ஆனால் பார்க்கிறது.

ரான் டக்ளஸும் ஜூலியன் பார்ட்ரிட்ஜும் சகாக்களும் 1998இல் நேச்சர் இதழில் அதற்கு விடை எழுதினார்கள். அந்த மீனின் விழித்திரைச் செல்களில் பச்சையத்திலிருந்து வந்த பொருள் இருக்கிறது. இலையில் இருக்கும் அதே பச்சையத்தின் உறவு, குறிப்பாகச் சில பாக்டீரியாக்கள் ஒளிச்சேர்க்கைக்கு வைத்திருக்கும் வகையின் சிதைவுப் பொருள். அது 670 நானோமீட்டர் பக்கத்துச் சிவப்பைப் பிடித்துப் பார்வை நிறமியிடம் ஒப்படைக்கிறது. வீட்டுக்கு வெளியே நின்று கடிதத்தை வாங்கி உள்ளே கொண்டுபோய்க் கொடுக்கும் ஆள் மாதிரி.

எந்த முதுகெலும்பு உயிரியும் பச்சையத்தைத் தானே செய்துகொள்ள முடியாது. சாப்பிட்டுத்தான் பெற வேண்டும். இப்போது இழுவலை அண்ணாவின் நுண்ணோக்கியை நினைத்துப் பாருங்கள். கடலின் மேல்மட்டத்தில் வெயிலில் வளரும் நுண்பாசிகளும் நுண்ணுயிர்களும் மிதவை உயிரிகளின் வயிற்றில் ஆழத்துக்கு இறங்குகின்றன. சட்டனின் கருத்து என்னவென்றால், இவ்வளவு பெரிய தாடையை வைத்துக்கொண்டு இந்த மீன் கோப்பிபாட்டைப் பொறுக்குவதற்குக் காரணம் அதன் கண்ணுக்கு வேண்டிய பச்சையம் அந்த வழியாகக் கிடைப்பதாக இருக்கலாம். கருத்துதான், இன்னும் நிரூபித்த செய்தி ஆகவில்லை, படக்குறிப்பில் அப்படியே எழுதுங்கள். இலையின் நிறத்தைச் சாப்பிட்டுச் சிவப்பைப் பார்க்கும் மீன் என்று முதலில் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

தூரிகை

இரண்டு பேருக்கும் எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை. கற்றையை நேற்றே அழித்துவிட்டேன். வலது பக்கம் முழுவதும் இப்போது இருட்டு. முதலில் வெறுமையாகத் தெரிந்தது, கொஞ்ச நேரம் பார்த்த பிறகு அதுதான் சரி என்று பட்டது.

மீனின் முகத்தைச் சுற்றி மட்டும் ஒரு சின்னச் சிவப்பு வட்டம், ஓரம் கரைந்து போகிற மாதிரி. அதற்குள் கோப்பிபாட். வட்டத்துக்கு வெளியே ஒரு இறாலை வெறும் கறுப்பு நிழலாக வைத்திருக்கிறேன். பக்கத்தைச் சாய்த்துப் பிடித்தால்தான் அதன் கோடு தெரியும்.

இரண்டு சிறு சந்தேகம். நீலப்பச்சை விளக்கையும் சேர்த்து எரியவிடலாமா? மீனின் உடம்பில் ஈரப் பளபளப்பு வைப்பது என் வழக்கம், இதற்கும் வைக்கலாமா?

இழுவலை

நீலப்பச்சையை இந்தப் படத்தில் அணைத்தே வையுங்கள். அதைச் சுற்றியுள்ள எல்லாக் கண்களும் பார்க்கும். அந்த இறாலும் பார்த்துவிடும், பிறகு அது அங்கே நிற்காது. உறுப்பு மட்டும் தெரியட்டும், கண்ணுக்குப் பின்னால் சிறியதாக, சிவப்பு உறுப்பைவிடச் சிறியதாக.

பளபளப்பு வேண்டாம். ஆழத்தில் மின்னுவது ஆபத்து. 2020இல் வெளியான ஓர் ஆய்வு, 16 வகை ஆழ்கடல் மீன்களின் தோல் தன்மேல் பட்ட ஒளியில் 0.5 சதவீதத்துக்கும் குறைவாகத்தான் திருப்பி அனுப்புகிறது என்று அளந்து காட்டியது. தோலில் கறுப்பு நிறமித் துகள்கள் இடைவெளியே இல்லாமல் அடைந்து கிடப்பதுதான் காரணம். தட்டில் நான் பார்த்த ஈரப் பளபளப்பு காற்றில் மட்டும் தெரிவது. கீழே அது கிடையாது.

இன்னொன்று, முதுகுத் துடுப்பையும் அடித்துடுப்பையும் வாலுக்குப் பக்கத்தில் எதிரெதிராக வையுங்கள். குடுவைப் படங்களில் அவை மடிந்து கிடப்பதால் பலர் நடுவுடம்பில் வரைந்துவிடுகிறார்கள்.

கோல்செல்

கண்கள் கொஞ்சம் முன்பக்கம் பார்த்த மாதிரி இருக்கட்டும். மூக்குப் பகுதி கண்ணின் விட்டத்தைவிடக் குட்டை. இரண்டு கண்ணாலும் ஒரே பொருளைப் பார்த்துத் தூரத்தைக் கணிக்க அது உதவும். கையெட்டும் தூரத்தில் அரிசிமணியைக் கவ்வ வேண்டிய மீனுக்கு அது முக்கியம்.

நூலில் பெயர் போடும்போது ஒன்று கவனியுங்கள். 2007இல் கெனாலி தென்பகுதிக் கடல்களில் இருப்பதைத் தனி இனமாகப் பிரித்து மலகோஸ்டியஸ் ஆஸ்ட்ராலிஸ் என்று பெயர் வைத்தார். உங்களுக்கு வந்த குடுவைப் படங்களில் எது எங்கே பிடித்தது என்று சீட்டைப் பாருங்கள். வடக்கே பிடித்ததை மட்டும் மாதிரியாக வைத்துக்கொள்ளுங்கள்.

அலைவாய்

நான் சொன்னது தவறு என்று தெரிந்துகொண்டேன். தூண்டில் மீனை வைத்து எல்லாவற்றையும் அளந்துவிட்டேன். தூரிகை, புத்தகம் வந்ததும் சொல்லுங்கள், என் மகளுக்கு வேண்டும்.

தூரிகை

கட்டாயம் சொல்கிறேன். சரிபார்ப்பவருக்கு 64இல் ஒரு பங்கு கணக்கை அப்படியே எழுதி அனுப்பினேன். சிவப்பை வைத்துக்கொள்ளச் சொல்லிவிட்டார். வட்டத்தை இன்னும் அரை அங்குலம் சுருக்கச் சொன்னார், சுருக்கிவிட்டேன்.

சீட்டுகளையும் பார்த்தேன். மூன்றில் ஒன்று தெற்கிலிருந்து வந்தது, அதை ஒதுக்கிவிட்டேன்.

கடைசியாக ஒன்றே ஒன்று. கோப்பிபாட்டின் உணர்கொம்புகளை எவ்வளவு நீளம் வரைவது? வட்டம் சுருங்கியதால் இடம் குறைவு.

இழுவலை

உடம்பு நீளத்துக்குச் சமமாக, இரண்டு பக்கமும் விரித்து. இடம் இல்லை என்றால் நுனிகள் வட்டத்துக்கு வெளியே இருட்டுக்குள் போகட்டும், வெட்டிவிடாதீர்கள். தண்ணீரில் ஏதாவது அசைந்தால் அதற்கு முதலில் தெரிவது அந்தக் கொம்புகளில்தான்.